ஐப்பசியில் இறுகும் கதவு

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பிடித்தால் வீட்டில் ஒரு கதவாவது சாத்த வராது. சித்திரையில் காற்றுக்குத் தடதடவென்று ஆடிய அதே கதவுதான். தோளால் ஒரு இடி கொடுத்துச் சாத்துகிறோம். பிறகு திறக்க ஆள் தேடுகிறோம். தச்சர் வந்து விளிம்பை இழைத்துக் கொடுத்துவிட்டு, "மரம் தண்ணி குடிச்சிருக்கு" என்று ஒரே வரியில் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். அறிவியலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் குடித்த தண்ணீர் மரத்துக்குள் எங்கே போய்த் தங்குகிறது, கதவு அகலத்தில் மட்டும் பருத்து உயரத்தில் ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், தச்சுப் பட்டறையில் 'பழக்கம்' என்று சொல்லப்படும் விதிகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். வீட்டில் ஓய்வுநேரத்தில் தச்சு வேலை தொடங்க நினைப்பவர்கள் முதலில் கருவிக் கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒரு கட்டையின் வெட்டுமுனையை என்பது என் கட்சி.

ஏதாவது ஒரு மரத்துண்டின் முனையைக் கூரான உளியால் மெல்லச் சீவிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேக்காக இருந்தால் வளையங்களின் ஓரமாகப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள் அவை. குழாய்களைச் சுற்றி, அவற்றைவிட மிக நுண்ணிய செல்கள். ஏறக்குறைய எல்லாமே மரத்தின் நெடுக்குவாட்டில் நிற்கின்றன. கட்டிவைத்த நாணல் கட்டு ஒன்றை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். நாம் 'ரேகை' என்று ரசிப்பதெல்லாம் இந்தக் கட்டைப் பக்கவாட்டில் அறுத்தபோது கிடைத்த கோலம்.

ஒவ்வொரு செல்லின் சுவரும் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. சுவரின் மிகத் தடித்த அடுக்கில் இந்த இழைகள் செல்லின் நீள அச்சிலிருந்து பெரும்பாலும் 10 முதல் 30 பாகை மட்டுமே சாய்ந்து ஓடுகின்றன. அதாவது ஏறக்குறைய நெடுக்காகவே. இழைகளுக்கு இடையே லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் நிரம்பியிருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் உள்ளே வந்தால் இந்த இழைகளின் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளி வைக்கின்றன. தள்ளுவது பக்கவாட்டில்; இழையின் நீளம் மாறுவதில்லை. கதவு உயரத்தில் வளராததற்குக் காரணம் இவ்வளவுதான்.

மரத்தில் இருக்கும் நீர் இரண்டு வகை. செல்லின் உள்ளே வெற்றிடத்தில் கிடக்கும் நீர் ஒன்று. சுவருக்குள் பிணைந்த நீர் மற்றொன்று. வெட்டிய பச்சை மரத்தில் இரண்டும் உண்டு. காய வைக்கும்போது முதலில் வெளியேறுவது வெற்றிடத்து நீர். அது போகும்வரை எடை குறையுமே தவிர மரம் சுருங்காது. உலர்ந்த எடையில் சுமார் 30 விழுக்காடு என்ற அளவுக்கு ஈரம் இறங்கியபிறகுதான் சுவரின் நீர் கழியத் தொடங்குகிறது. சுருக்கம், கோணல், வெடிப்பு எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். அதன்பிறகும் ஈரம் பூஜ்யத்துக்குப் போவதில்லை. காற்றோடு ஒரு சமரசத்துக்கு வந்து நிற்கிறது. நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய ஏழரை விழுக்காட்டில் நிற்கும். காற்று 80 விழுக்காட்டுக்குப் போனால் மரம் பதினைந்தரைக்குப் போகும். இந்த ஏற்ற இறக்கம் வெட்டி நூறாண்டு ஆன உத்திரத்திலும் தொடரும். மரம் ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான் என்று நம்புவதால் கெட்டுப்போகும் மேசைகள் ஏராளம்.

எவ்வளவு சுருங்கும்? பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்ந்த நிலைக்குத் தேக்கு வருகையில், வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரப்போக்கில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நெடுக்கில் மரங்களின் சுருக்கம் பொதுவாக 0.1 அல்லது 0.2 விழுக்காடுதான். வளையப்போக்கில் இரு மடங்குக்கும் மேல் சுருங்குவதற்கு ஒரு காரணம், நடுவிலிருந்து பட்டை வரை ஓடும் கதிர்த்திசுக்கள் ஆரப்போக்கில் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது. இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை கிண்ணமாக வளைகிறது. நடுமரத்திலிருந்து தள்ளி அறுத்த பலகை காயும்போது அதன் பட்டைப்பக்கம் குழிந்து, நடுப்பக்கம் புடைக்கும். கடையில் பலகை பொறுக்கும்போது வெட்டுமுனையைப் பாருங்கள். வளையக்கோடுகள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நேராகவே இருக்கும் பலகை. விலை கூட இருந்தாலும் எடுக்கலாம். கோடுகள் வில்லாக வளைந்து படுத்திருந்தால், அது எந்தப் பக்கம் வளையப்போகிறது என்பதை இப்போதே சொல்லிவிட முடியும்.

இங்கே ஓர் இடைச்செருகல். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் பாய்ந்ததை மரமென்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல்லென்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் பின்னதில் சேரும். தாவரவியலும் அவற்றைப் புல்லோடுதான், ஒருவித்திலைப் பிரிவில், வைக்கிறது. அவற்றில் ஆண்டு வளையமும் கிடையாது, கதிர்த்திசுவும் கிடையாது. நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் கிடக்கின்றன. ஓட்டு வீட்டுக்குப் பனஞ்சட்டம் அறுப்பவர்கள் நடுச்சோற்றைக் கழித்துவிட்டுக் கருத்த ஓரத்தை மட்டும் எடுப்பது அதனால்தான். மேலே சொன்ன வளையக் கணக்கு எதுவும் பனைக்குப் பொருந்தாது.

கதவுக்குத் திரும்புவோம். 80 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேக்குப் பலகைகளை ஒட்டி, சட்டம் ஏதுமில்லாமல் ஒரே தட்டாகக் கதவு செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கும் மழைக்கும் இடையில் மரத்தின் ஈரம் ஆறு புள்ளிகள் ஏறுகிறது. வளையப்போக்கில் ஒரு புள்ளிக்குச் சுமார் 0.2 விழுக்காடு என்று கணக்கிட்டால், கதவு 9 அல்லது 10 மில்லிமீட்டர் அகலும். எந்த நிலையும் அதற்கு இடம் கொடுக்காது. 2 மீட்டர் உயரத்திலோ மாற்றம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டதுதான் சட்டமும் தட்டும் வைத்த கதவு. இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் அகலச் சட்டங்கள் நெடுக்காக நிற்கின்றன. மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டங்கள். இவற்றின் உள்விளிம்பில் வெட்டிய காடியில் தட்டுப்பலகை பசையின்றிச் செருகப்பட்டிருக்கும். பலகை காடிக்குள் பருக்கலாம், சுருங்கலாம்; வெளியே யாருக்கும் தெரியாது. கதவின் மொத்த அகலத்தில் பருப்பது இரண்டு நெடுக்குச் சட்டங்கள் மட்டுமே. குறுக்குச் சட்டத்தின் நார் அகலவாட்டில் ஓடுவதால் அது நீளுவதில்லை. 20 சென்டிமீட்டருக்கு ஆறு புள்ளி என்றால் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து மில்லிமீட்டரை இரண்டரையாகக் குறைத்த இந்த வடிவத்தை நாம் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தட்டு ஆடுகிறதே என்று காடியில் பசை ஊற்றுபவர்கள் உண்டு. அடுத்த கோடையில் தட்டு நடுவில் பிளக்கும்.

இதே பிழை மேசைகளில் இன்னும் அதிகம். 75 சென்டிமீட்டர் அகல மேற்பலகையின் அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, நாலு இடத்தில் திருகாணியை இறுக முறுக்கிவிடுகிறார்கள். பலகை அகல நினைக்கும், சட்டம் விடாது. நடுவில் ஒரு ஆணியை இறுக்கிவிட்டு, ஓரத்து ஆணிகளுக்கு உருண்டைத் துளைக்குப் பதில் பலகை பருக்கும் திசையில் நீண்ட துளை போட்டால் போதும். ஆணித்தலையின் கீழ் ஒரு வாஷர். அதை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்கு. ஏ.சி. அறைக்குப் போகும் மேசையானால் இது கட்டாயம். குளிரூட்டி காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றும் இயந்திரம். கடலோர ஊரில் செய்த மேசை அங்கே போய் ஓரிரு மாதத்தில் தன் குணத்தைக் காட்டும்.

கதவை இழைப்பதற்கு முன் மேல் கீலின் திருகாணிகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். கதவு தலைசாய்ந்து உரசுவதையும் மழையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மையிலேயே பருத்த கதவானால், மழைக்காலத்தில் தடையின்றிச் சாத்தும் அளவுக்கு மட்டும், இரண்டு மில்லிமீட்டருக்குள், இழைத்தால் போதும். கையோடு இன்னும் கொஞ்சம் என்று இழைத்தால் கோடையில் அந்த இடைவெளி வழியே பல்லி போய்வரும். கோடையில் புதுக்கதவு மாட்டினால் இடைவெளியைத் தாராளமாக விடவேண்டும். மழையில் மாட்டினால் குறைவாக. கடைசியாக, கதவின் மேல், கீழ் விளிம்புகளைக் கவனியுங்கள். நெடுக்குச் சட்டங்களின் வெட்டுமுனைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் குழாய்களின் வாய் வழியாக ஈரம் பக்கமுகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். கதவின் முகத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்கும் நாம், கண்ணில் படாத அடிவிளிம்புக்கு ஒன்றுகூட அடிப்பதில்லை. குளியலறைக் கதவு கீழிருந்து அழுகிக்கொண்டு வருவது இப்படித்தான். வறண்ட மாதத்தில் கதவைக் கீலிலிருந்து கழற்றி அந்த முனைகளை அடைத்துவிடுங்கள். எந்த வார்னிஷும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதமே பெரிய உதவி.

சுத்தியல் பிடி தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. மறுநாள் பிடி கெட்டியாக இருக்கும். ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாக ஆடும். இரும்பு வளையத்துக்குள் அகல இடமில்லாத மரம் பருக்கும்போது அதன் செல்கள் தாமே நசுங்கிவிடுகின்றன. நீர் வற்றும்போது நசுங்கிய அளவிலிருந்து சுருங்குவதால், பிடி முன்னைவிட மெலிந்துபோகிறது. ஊறப்போடும் ஒவ்வொரு தடவையும் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறோம். ஆப்பு அடிப்பதே சரியான வைத்தியம். நீர் வேண்டாம், ஆளி விதை எண்ணெயில் தோய்த்து வைக்கலாம். எண்ணெய் நீரைப்போல ஆவியாகிப் போகாது.

பச்சைப் பலகை மலிவாகக் கிடைத்தால் நிழலில், தரைக்கு மேலே, பலகைக்குப் பலகை ஒரே தடிமனான குறுக்குக் குச்சிகள் வைத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கவேண்டும். இரு முனைகளுக்கும் பழைய பெயிண்ட்டைத் தடவிவிட்டால் முனை மட்டும் அவசரமாகக் காய்ந்து வெடிப்பது குறையும். எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள ஈரமானி வாங்க வேண்டியதில்லை. அடுக்கிலிருந்து ஒரு சிறு பலகையை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். எடை இறங்காமல் நிலைத்துவிட்டால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமரசமாகிவிட்டது.

இனிக் கருவிகள். நெடுக்கு நாரால் ஆனது மரம் என்பதிலிருந்து கருவிகளின் வடிவமும் பிறக்கிறது. நாரின் போக்கில் அறுக்கும் ரம்பத்தின் பற்கள் வரிசையாக நிற்கும் சிற்றுளிகள். நாரை முனையிலிருந்து கெல்லி எடுக்கின்றன. நாருக்குக் குறுக்கே அறுக்கும் ரம்பத்தின் பற்களோ சாய்வாக அரம் பிடித்த கத்திகள். நாரை இருபுறமும் வெட்டிவிட்டுத்தான் தூளை வெளியே தள்ளுகின்றன. ஒன்றின் வேலைக்கு இன்னொன்றை எடுத்தால் கை வலிக்கும், பிசிறு தட்டும். குறுக்காக அறுக்குமுன் பென்சில் கோட்டுக்குப் பதில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். மேல்நார் முன்பே அறுபட்டுவிடுவதால் வெட்டுவிளிம்பு சுத்தமாக வரும். பலகை முனைக்கு அருகில் ஆணி அடிக்கும் தச்சர் அதன் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வதும் இதே விஷயம்தான். கூரான ஆணி நார்களுக்கு இடையே ஆப்பாக இறங்கிப் பிளக்கிறது. மழுங்கிய ஆணி எதிர்ப்பட்ட நாரை நசுக்கிக்கொண்டு போகிறது.

இழைப்புளியில்தான் இது மிக நுட்பமாகிறது. அலகு மரத்தில் நுழைந்ததும் சீவல் மேலெழும்புகிறது. எழும்பும் சீவல் தன்முன்னே இருக்கும் நாரையும் நெம்புவதால், அலகு போய்ச் சேருமுன்பே ஒரு சிறு பிளவு முன்னால் ஓடுகிறது. பிளவு நாரின் வழியில்தான் ஓடும். நார் மேல்நோக்கி ஏறிப்போனால் பிளவு மேலே வந்து முடிந்துவிடும், பரப்பு பளபளக்கும். நார் பலகைக்குள் இறங்கிப்போனால் பிளவும் உள்ளே இறங்கும். சிராய் பெயர்ந்து குழி விழும். பலகையின் ஓரமுகத்தைப் பார்த்து நார் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பது இதனால்தான். ஒரே பலகையில் நார் ஏறியும் இறங்கியும் போனால்? அலகின்மேல் படுத்திருக்கும் இரண்டாவது தகடு அதற்கு உதவும். 18-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட இந்தத் தகடு என்ன செய்கிறது என்பதை ஜப்பானின் யமகாதா பல்கலைக்கழகத்தில் காத்தோ, கவாய் இருவரும் நுண்ணோக்கி வழியே படம்பிடித்துக் காட்டினார்கள். தகட்டின் விளிம்பை அலகின் கூருக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு தூரத்துக்குக் கொண்டுவந்தால், எழும்பும் சீவல் உடனே அதில் மோதி முன்னோக்கி மடங்குகிறது. பிளவுக்கு ஓடும் அவகாசம் இல்லை. நார் எதிராக இருந்தாலும் பரப்பு சுத்தமாக வருகிறது. புதிய இழைப்புளிகளில் இந்தத் தகடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் சும்மா கிடப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். புதுக் கருவிக்குச் செலவழிக்குமுன் அதை முன்னால் நகர்த்திப் பாருங்கள், காசில்லாத வேலை.

இதற்கெல்லாம் முதல் நிபந்தனை கூர்மை. அலகின் இரு முகங்கள் சந்திக்கும் கோடுதான் கூர். ஆகவே சரிவான முகத்தை மட்டும் தீட்டிவிட்டுத் தட்டையான முகத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். சரிவை 25 முதல் 30 பாகையில் சாணைக்கல்லில் தீட்டி, மறுபக்கம் விரலில் நெருடும் பிசிறு தட்டும்வரை தொடருங்கள். பிசிறு வந்தால்தான் கல் கூர்வரை எட்டியது என்று பொருள். பிறகு தட்டை முகத்தைக் கல்லில் ஒட்டப் படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுத்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும் கருஞ்சாம்பல் கல்லில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சசன் செயற்கை வைரம் செய்யப்போய்க் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சுட்டபோது கைக்கு வந்தது. அவர் வைத்த கார்போரண்டம் என்ற பெயரிலேயே நம் தச்சர்களும் கேட்டு வாங்குகிறார்கள். சென்னையிலேயே 1954 முதல் அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. மின்சாணை பிடித்தால் பக்கத்தில் தண்ணீர்க் குவளை இருக்கட்டும். எஃகின் விளிம்பு இளமஞ்சளாக மாறுவது சுமார் 230 டிகிரியில். 300-ஐ நெருங்கும்போது நீலம் பாரிக்கும். நீலமான இடம் கடினத்தை இழந்துவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் தங்காது.

முதல் வேலைக்குத் தேக்கு வேண்டாம். நம் தேக்கு மோகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: குறைவாகச் சுருங்கும், அதன் வைரத்திலுள்ள டெக்டோகுவினோன் என்ற பொருள் கறையானை அண்டவிடாது. ஆனால் அதே மரத்தில் மணலின் வேதிப்பொருளான சிலிக்காவும் இருக்கிறது. அலகு சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப்பசை இருப்பதால் ஃபெவிகால் போன்ற வெள்ளைப்பசை சரியாகப் பிடிக்காது. இழைத்த சூட்டோடு ஒட்டிவிட வேண்டும், நேற்று இழைத்த பரப்பில் ஒட்டக்கூடாது. விலையோ கேட்கவே வேண்டாம். வேம்பு, மா, பலா, பூவரசு எதுவானாலும் கற்றுக்கொள்ள நல்லதுதான். வெளிறிய வெள்ளைப்பகுதியை மட்டும் கழித்துவிடுங்கள். உணவாக மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருந்த பகுதி அது. மரத்தை உளுக்கச்செய்யும் வண்டு முட்டையிடத் தேடுவதும் அதைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரப்பலகை வைரமும் வெள்ளையும் பிரிந்து தெரியாத, மாவுச்சத்து மிகுந்த மரம். போரான் உப்பேற்றியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஒட்டுப்பலகை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தடுத்த அடுக்கின் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் ஒன்று பருக்க நினைத்தால் மற்றொன்று தடுத்துவிடுகிறது. அதனால் அசைவு மிகக் குறைவு; இழைக்கவும் செதுக்கவும் அதில் சுகமில்லை.

வீடு இடித்த மரம் விற்கும் கடை ஒவ்வொரு பெரிய ஊரிலும் உண்டு. அங்கே கழித்துப்போட்ட ஜன்னல் சட்டங்களில் நல்ல வேங்கையும் பழைய தேக்கும் அகப்படும், எடைக்கணக்கிலோ கன அடிக்கணக்கிலோ. முறையாகக் காய்ந்த மரம் என்றாலும் மழையில் வெளியே கிடந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் காற்றாட வைத்து, எடை நிலைத்தபின் கைவையுங்கள். கருநீலக் கறை தெரியும் இடத்தில் இரும்பு இருந்திருக்கிறது, அல்லது இன்னும் இருக்கிறது. மரத்தின் டானினும் துருவும் கலந்த நிறம் அது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, நான்கு முகத்திலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முறிந்து உள்ளே நிற்கும் ஆணியின் மேல் வரும்போது அது பலகைப்பக்கம் சாயும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, ஆணியைத் தோண்டி எடுத்தபிறகு இழைப்புளியைத் தொடலாம்.